ஏழாம் நம்பர் டிஸ்க்

கல்யாண வீடியோ எடுத்து டிஸ்க்கில் பதிந்து கொடுப்பதுதான் அப்போது எங்கள் பிழைப்பு. சங்ககிரியில் லாரிப் பட்டறைக்கு மேலே ஒரு மாடி அறை. மத்தியான வெயில் ஜன்னல் வழியே வந்து, மேஜையில் பரப்பிய டிஸ்க்குகளில் பட்டு, கூரையெங்கும் வானவில் துண்டுகளாக மிதக்கும். கீழே லாரி உறுமினால் அவையும் நடுங்கும். வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். "ஏனுங்க அம்மணி, கண்ணத் தொறந்துட்டே தூக்கமா?" என்று கேலி செய்வார் என் கணவர்.

கம்ப்யூட்டரில் ஒரு நேரத்தில் ஒரு டிஸ்க்தான் பதியும். பழுதானால் கண்டுபிடிக்க, வந்த வரிசைப்படி நம்பர் எழுதுவது அவர் வழக்கம். என் தங்கை கல்யாண டிஸ்க்குகளிலும் எழுதினார். சம்பந்தி வீட்டாருக்கும் பங்காளிகளுக்கும் முதலில் கொடுத்துவிட்டு, நம் வீட்டு ஆள்தானே என்று என் அண்ணனுக்கு ஏழாவதைக் கொடுத்தார். விசேஷத்தில் சந்தனக் கிண்ணத்தை யாரிடம் முதலில் நீட்டினார்கள் என்பதை ஆயுசுக்கும் மறக்காத ஊர் எங்களுடையது. அங்கே டிஸ்க்கின் முகத்திலேயே 'ஏழு' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்த மகராசன் என் வீட்டுக்காரர்.

"எனக்கு ஏழாவது எடமா?" என்று கேட்ட அண்ணன், அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். என் மகனுக்கோ காது குத்தும் வயது. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எப்படிக் குத்துவது? எனக்கு இருப்பது ஒரே அண்ணன். நினைத்தாலே சோறு இறங்காது.

அந்தச் சமயத்தில்தான், நிறையப் பிரதி எடுக்கும் மெஷின் வாங்க சேலம் போனோம். ஒரு மெஷினில் சின்னக் கை ஒன்று டிஸ்க்கை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பதிந்து, மேலே படமும் அச்சடித்துத் தந்தது. இவர் அதன் முன்னால் வாயைப் பிளந்து நின்றார். எனக்கும் ஆசைதான். ஆனால் அதிலும் ஒன்றன்பின் ஒன்றுதான் வந்தது.

பக்கத்தில் இன்னொன்று, அடுக்கடுக்காகத் தட்டுகள் வைத்தது. மேல் தட்டில் மூல டிஸ்க்கை வைத்தால் கீழே உள்ள எல்லாவற்றிலும் பதியும். கடைக்காரர் வேகத்தைப் பற்றியே பேசினார்.

"வேகம் கெடக்குதுங்க. எல்லாம் ஒண்ணாவே வெளிய வருமுங்களா?" என்றேன்.

"ஒண்ணாத்தான் வரும். எது மொதல்ல, எது கடைசின்னு சொல்ல முடியாதுங்க," என்றார், குறையை ஒப்புக்கொள்கிறவர்போல.

"இதையே குடுங்க."

வீட்டுக்காரர் சின்னக் கையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தார்.

அறைக்கு வந்ததும் தங்கை கல்யாணத்தைத்தான் முதலில் ஓடவிட்டேன். மெஷின் மெல்ல ரீங்கரித்தது. அந்தச் சத்தத்தில் கண் சொக்கியது. பந்தல், மேளம், மஞ்சள் தண்ணீர் எல்லாம் உள்ளே சுற்றிக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. திடீரென்று தட்டுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் வெளியே நீண்டன. கூரையில் புது வானவில்கள். ஒரு டிஸ்க்கை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் பேனாவை எடுத்தார். பிடுங்கிக்கொண்டேன்.

மறுநாள் புதுச்சத்திரம் போனேன். கோழிப்பண்ணையை ஒட்டிய வீட்டில் அண்ணன் மட்டும் இருந்தார். டிஸ்க்கை நீட்டினேன். வாங்கி, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"நம்பரக் காணமே?"

"எல்லாம் ஒண்ணாவே வந்துச்சுங்கண்ணா. எதுக்கும் நம்பரில்லீங்க."

எழுந்து போய் டிவிக்குக் கீழே இருந்த பிளேயரைத் திறந்தார். தட்டு வெளியே வந்தது. அதில் ஏழாம் நம்பர் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கக் கீறல்.

"நீ சிரிக்கிற எடம் வந்தா நின்னுக்குது," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "அந்த எடத்தத்தான் ரொம்பப் போட்டுட்டேன்."

புது டிஸ்க்கைத் தட்டில் வைத்தார். பிறகு கேட்டார்: "பையனுக்குக் காது குத்து என்னைக்கு, சாமி?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.