கமாவுக்கு முன்னால் வரும் பெயர்

திருப்பதியில் நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது பல்கலைக்கழக நூலகத்தில் சனிக்கிழமைதோறும் எங்களுக்கு ஒரு வகுப்பு நடக்கும். கட்டுரை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புவது எப்படி என்று நூலகர் சொல்லிக்கொடுப்பார். படித்ததைத் துண்டுச் சீட்டில் எப்படிக் குறித்துக்கொள்வது, அடிக்குறிப்பு எங்கே போடுவது, தட்டச்சு செய்யும்போது ஓரத்தில் எவ்வளவு இடம் விடுவது, எல்லாம் வரும். மனிதர் கெட்டிக்காரர். அடிக்குறிப்பில் ஒரு புள்ளி விட்டுப்போனால் சோற்றில் கல் கடித்ததுபோல முகத்தைச் சுளிப்பார். எனக்கு அந்த வகுப்பு பிடித்துத்தான் இருந்தது, ஆசிரியர் பெயரை எழுதும் விதி வரும்வரை.

"மொதட இன்டிபேரு, தருவாத காமா" என்றார். முதலில் வீட்டுப் பெயர், பிறகு கமா, அதற்குப் பிறகுதான் சொந்தப் பெயர். தெலுங்கர்களுக்கு வீட்டுப் பெயர் என்று பரம்பரையாக ஒன்று உண்டு. அதைக் கேட்டாலே இன்ன ஊர், இன்ன சாதி என்று பாதி தெரிந்துவிடும். எங்களுக்கு ஏது அதெல்லாம்? அப்பா பெயரின் முதல் எழுத்து, அப்புறம் என் பெயர், அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை ஒவ்வொருவரும் தம் கட்டுரையில் அச்சாக வேண்டிய பெயரைக் கரும்பலகையில் எழுதிக்காட்ட வேண்டும் என்று சொல்லி வகுப்பை முடித்தார். நான் முதல் ஆளாக வெளியே நழுவினேன்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆந்திர ராஜ்ஜியம் பிரிந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. எல்லையில் எந்த ஊர் யாருக்கு என்ற வழக்கு ஓயவில்லை. நகரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ஊர் மதராசுக்குப் போகிறது என்று இன்றைக்குச் சொல்வார்கள், போகவில்லை என்று நாளைக்குச் சொல்வார்கள். மதராசுக்குப் போகிற ஊர்க்காரனுக்கு இங்கே ஆராய்ச்சி இடம் எதற்கு என்று விடுதிச் சாப்பாட்டு அறையில் என் காதுபடவே பேசினார்கள். நான் தலை நிமிராமல் பப்புச் சோற்றைப் பிசைந்தேன். அங்கே நான் தெலுங்குதான் பேசுவேன். 'தின்னு' என்பதற்கு எங்கள் ஊர்த் தமிழில் சொல்கிற 'துன்னு' வாய்தவறி வந்துவிடுமோ என்று சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதையே விட்டிருந்தேன். சுத்தப் பயந்தாங்கொள்ளி நான்.

இன்னொரு பயமும் இருந்தது. அது என் நைனாவின் பெயர். அவருக்கு முன் பிறந்த பிள்ளைகள் எதுவும் தங்கவில்லை. அதனால் அவரைக் குப்பைமேட்டில் போட்டு எடுத்து, எமனுக்கே அருவருப்பாக இருக்கட்டும் என்று ஒரு பெயர் வைத்தார்கள். பின்னால் ஒட்ட மரியாதையான வால் எதுவும் இல்லாத மொட்டைப் பெயர். கேட்டவர்கள் ஊரா சேரியா என்று மேற்கொண்டு விசாரிக்கவே வேண்டாம். விடுதியில் யாரும் என் அப்பா பெயரைக் கேட்காமல் இருக்க நான் செய்த தந்திரங்களை நினைத்தால் இப்போது எரிச்சலாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பஸ் ஏறினேன். வடமாலபேட்டையில் ஏறினவர்கள் எல்லைத் தகராறை உரக்கப் பேசிக்கொண்டு வந்தார்கள். என்னிடம் அபிப்பிராயம் கேட்டுவிடப் போகிறார்களே என்று புத்தூர்வரை தூங்குவதுபோல நடித்தேன்.

நைனா கூலி வேலை முடித்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"நைனா, நம்ம ஊட்டுப் பேரு இன்னா?"

"ஊட்டுக்கு இன்னாடா பேரு? ஊடுதான்."

விஷயத்தைச் சொன்னேன். புரிந்ததும் செம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"என் பேரை மட்டும் எழுதிடாதடா. படிச்சவங்க கீற எடம். சிரிப்பானுங்க. அப்பால உன்னியும் தொரத்திடுவானுங்க. ஊர்ப் பேரை எழுதிக்கினு வந்துடு."

"ஊர்ப் பேரை எழுதினாத்தான் தொரத்துவானுங்க, நைனா."

முன்னால் போனால் முட்டும், பின்னால் போனால் உதைக்கும் என்பார்களே, அந்தக் கதைதான். என்னைவிட அவர்தான் அதிகம் பயந்துபோயிருந்தார் என்று எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமை வந்தது. என் அறைத் தோழன் புத்தலப்பட்டு விவசாயி வீட்டுப் பையன். அவன் போய்ப் பலகை கொள்ளாமல் தன் வீட்டுப் பெயரை எழுதிவிட்டு, சாக்பீஸை என் கையில் திணித்தான். பலகைமுன் நின்றேன், கை எழவில்லை.

"இன்டிபேரு?" என்றார் நூலகர்.

"லேது, சார்." இல்லை என்றேன்.

"லேதா? நுவ்வு அரவவாடிவா?"

தமிழனா என்று கேட்கிறார். தலையை மட்டும் ஆட்டினேன். தீர்ந்தது, இனிப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

நூலகர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தெலுங்கில் சொன்னார். வீட்டுப் பெயர் இல்லாதவர்களுக்கு அந்த இடத்தில் அப்பா பெயர் நிற்கும். கமாவுக்கு முன்னால் அதை முழுசாக எழுது. உன் பெயருக்கு ஓரெழுத்து போதும்.

எழுதினேன். ஒவ்வொரு எழுத்துக்கும் முதுகு கூசியது. பின்வரிசையில் எவனோ அதை வாசித்துப் பார்த்துக் களுக்கென்று சிரித்தான். நூலகர் திரும்பவில்லை. நான் யார், எந்தத் தெரு என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. கமா வரியைவிட்டு ரொம்பக் கீழே இறங்கியிருக்கிறது, சரிசெய் என்றார். சரிசெய்ததும் அடுத்தவனைக் கூப்பிட்டார்.

அதன் பிறகும் பயம் போகவில்லை. அலுவலகப் பியூன் விடுதிப் பக்கம் வந்தாலே குளியலறைக்குள் புகுந்துகொள்வேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கடைசியில் எல்லை முடிவானபோது திருத்தணிப் பக்கம் மதராசுக்குப் போயிற்று, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. பயந்ததெல்லாம் வீண் என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். எங்கள் ஊரும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஏரி வண்டல் மண்ணைப் பற்றிய என் கட்டுரை அச்சாகிப் பத்திரிகை தபாலில் வந்தது. பொருளடக்கத்தைப் பிரித்தால் என்னைக் காணோம். நைனாவின் பெயர் முழுசாக, அச்சில், கறுப்பாக நின்றது. கமாவுக்குப் பின்னால் ஓரெழுத்தாக நான் ஒண்டிக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சியை அவரே செய்ததுபோல இருந்தது. கோடை தவறாமல் ஏரியில் இறங்கி அந்த வண்டலைக் கூடை கூடையாகச் சுமந்தவரும் அவர்தானே. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன்.

"நைனா, இதோ பாரு, உன் பேரு" என்று அவர் விரலைப் பிடித்து அந்த எழுத்துகளின்மேல் வைத்தேன்.

சுட்டதுபோல விரலை இழுத்துக்கொண்டார். அவர் பெயரை இதற்குமுன் யாராவது எழுதியிருந்தால் அது போலீஸ் ஸ்டேஷனில்தான். எவன் தோப்பிலோ தேங்காய் காணாமல் போனால் முதலில் எழுதுவது எங்கள் தெருப் பெயர்களைத்தான். அது எனக்கும் தெரியும். சந்தோஷத்தில் மறந்துபோயிருந்தேன்.

"எத்தினி பேருகிட்ட போயிருக்கும் இது?" என்று கேட்டார்.

"நெறைய பேருகிட்ட, நைனா. டில்லி வரிக்கும் போவும்."

அவர் எழுந்துபோய்த் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரில் குந்தினார்.

"நான் இன்னாடா தப்பு பண்ணேன்?" என்றார்.