சங்கு ஊதாத சாயங்காலம்

இன்று திருவொற்றியூரில் எங்கள் தெருக்கோடி ஆலையில் வேலைநிறுத்தம். சாயங்காலச் சங்கு ஊதவில்லை.

அந்தச் சங்கு கேட்டால்தான் எங்கள் கோழிகள் தீனிக்கு ஓடிவந்து கூட்டில் அடையும். இன்று கத்திரிப் பாத்தியைக் கிளறிக்கொண்டே இருந்தன.

“சும்மா பாத்துகினு கீறியே, நீயே சங்கு மாதிரி ஊதேன்யா” என்றாள் என் மனைவி.

வாயைக் குவித்து, மூச்சு முட்ட ஊளையிட்டேன். ஒரு கோழிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு இரவு ஷிப்டு கன்னியப்பன்தான் காக்கிச் சட்டையும் கையில் தூக்குச்சட்டியுமாகத் தெருவுக்கு ஓடிவந்தான். காலையில், “எட்டணா கூலி ஏத்துற வரைக்கும் ஆலை கேட்டாண்ட காலு வைக்க மாட்டேன்” என்று கொடி பிடித்தவன்.

“கோழியத்தான் கூப்டேன் நைனா” என்றேன்.

“தூக்கத்துல கேட்டு வந்துட்டேன் மாமு. யாராண்டையும் சொல்லிடாத.”

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். ஆகவே நீங்களும் யாரிடமும் சொல்லாதீர்கள்.