என் உடம்பில் ஏறிய சாராளின் ஊசி

1961 நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். வேதம் வாசித்தேன். தெருக்குழாயில் இரண்டு குடம் தண்ணீர் பிடித்தேன். சாராளுக்குக் கஞ்சி வைத்துவிட்டு ஏழு மணிக்கு மில்லில் இருந்தேன். திண்டுக்கல்லில் ஒரு நூல் மில்லில் பதினேழு வருஷமாக நான் டைம் கீப்பர்; ஷிப்டுக்கு வருகிறவர்களின் நேரத்தை ஜன்னலில் இருந்து பதிகிறவன்.

என் மனைவி சாராளுக்குக் காசநோய். மில் டிஸ்பென்சரியில் தொழிலாளிக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி எத்தனை வேண்டுமானாலும் உண்டு. குடும்பத்தாருக்கு முப்பதுதான். அதற்கு மேல் ஒவ்வொரு ஊசிக்கும் பாதி விலையை நாங்கள் கட்டவேண்டும்; கையில் பணமில்லை. மில் டாக்டர் சொன்னது தொண்ணூறு. முப்பது முடிந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. காய்ச்சல் திரும்பிவிட்டது. துணியில் ரத்தம். நான் ஜெபிப்பதையே நிறுத்தியிருந்தேன்.

ஸ்டோரில் வேலை பார்க்கும் குருசாமிதான் வழி சொன்னார். “உம்ம பேருல வாங்குமய்யா. இம்புட்டு வருஷம் மணி பாத்துக் குடுத்தீரே, மில்லு முங்கியா போயிரும்?”

அப்படியே செய்தேன். சளிப் பரிசோதனைக்கு என் பெயர் ஒட்டிய டப்பாவில் அவள் சளியைக் கொடுத்தேன். எதையும் பிசகாமல் செய்கிறவன், பொய்யையும் பிசகாமல் செய்தேன். அந்தச் செவ்வாயன்று பத்து மணிக்கு எனக்கு ஊசி எழுதினார்கள். தெரிந்த ஆள் என்று மருந்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள் என நம்பினேன்.

கம்பவுண்டர் சிரித்தார். “குடுத்தனுப்ப இதென்ன சோத்துக்கு வெஞ்சனமா? வேட்டியத் தளத்திட்டுப் படுங்க.”

உண்மை வாயில் வரவில்லை. வேலை போய்விடும். படுத்தேன். அவள் உயிருக்கான மருந்து என் உடம்பில் ஏறியது.

மதியம் வீட்டுக்குப் போனேன். “வாங்கியாந்தீகளா?” என்றாள். நடந்ததைச் சொன்னேன். சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. “நல்ல புருசன். எனக்குண்டான மருந்த நீங்க போட்டுக்கிட்டு வந்திருக்கீக.” பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முழங்காலில் நின்றேன். மருந்து கேட்கவில்லை. உண்மையைச் சொல்ல வாயைக் கொடும் கர்த்தாவே என்று மட்டும் கேட்டேன்.

மூன்றரை மணிக்கு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “படிச்ச மனுசன் பண்ற வேலையாய்யா இது?” என்று நெடுநேரம் திட்டினார். நின்று கேட்டேன். கடைசியில், “வீட்ல எத்தனை அறை?” என்றார்.

“ஒண்ணுதான் ஐயா.”

“உம்ம ஜன்னல்ல எத்தனை பேரு வந்து நிக்கிறாங்க?”

“ஷிப்டுக்கு முந்நூறு பேர்.”

அப்போதே மானேஜருக்கு எழுதினார். இந்தப் பெண்ணுக்கு மருந்தை நிறுத்தினால் நோய் மில்லுக்குள் வரும். மீதி அறுபது ஊசியையும் தொழிலாளர் பாதுகாப்புக்காக முழுவதுமாகத் தரவேண்டும் என்று. ஐந்தரைக்கு மானேஜர் கையெழுத்திட்டார். எனக்குப் பதினைந்து நாள் சஸ்பென்ஷனும் சேர்த்தே எழுதினார்.

எட்டு வருஷம் ஆகிறது. சாராள் உயிரோடு இருக்கிறாள். அந்த மருந்தாலேயே அவள் வலது காது போனது. மாடிப்படி ஏறமாட்டாள். குறையோடுதான் திரும்பக் கிடைத்தாள். கிடைத்ததற்காகத் தினமும் ஸ்தோத்திரம் செலுத்துகிறேன். சகோதர சகோதரிகளே, மருந்துக்கு வழி அடைபட்டவர் உங்களில் யாராவது இருந்தால், என்னைப்போல் பொய்யால் திறக்கப் பார்க்காதீர்கள். உள்ளதை உள்ளபடி கர்த்தரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கிறார்.

மானேஜர் கையெழுத்திட்ட மறுநாள், புதன்கிழமை, முதல் வேலையாக, சாராளைக் குதிரை வண்டியில் ஏற்றி டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனேன். கம்பவுண்டர் மருந்தைக் குலுக்கியபடி, “யாருக்கு?” என்றார். அவள் பெயரைச் சொன்னேன்.