பொம்மையின் டயப்பருக்குள் ஒரு தொப்பி

குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த வார்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அணில் அக்காதான். கையில் கிடைத்ததையெல்லாம் எங்காவது ஒளித்து வைக்கும் நர்ஸை வேறு எப்படிக் கூப்பிடுவது?

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அந்த வார்டில் எல்லாமே பொடிசு. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டைவிரலில் சுற்றிவிடலாம். டயப்பரை விரித்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இதில் ஆகச் சின்ன அளவு எதுவோ அதுதான் முதலில் தீரும். ஸ்டோர்காரரைக் கேட்டால், "நாளைக்கு வந்துரும் சிஸ்டர்" என்பார். அவருடைய நாளைக்கு விடிவே கிடையாது. போதாக்குறைக்குப் பக்கத்து வார்டுக்காரர்கள் வேறு, "ஒண்ணே ஒண்ணு குடுங்க, சாயங்காலம் தந்துடறோம்" என்று வந்து நிற்பார்கள். போனது போனதுதான். அதனால் அக்கா ஒளித்தாள்.

வீட்டிலும் இதே கூத்துதான். பஸ் ஓட்டும் அவள் கணவர் நகவெட்டியைத் தேடினால், அது சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் உறை போட்டுப் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். காய்கறிக் கடையில், "பையோட எடையைக் கழிச்சீங்களா?" என்று கேட்டுக் கடைக்காரரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வாள். ஈர டயப்பரை எடைபோட்டு, காலி டயப்பரின் எடையைக் கழித்து, குழந்தை எவ்வளவு சிறுநீர் போயிருக்கிறது என்று நாள் முழுக்கப் பார்ப்பவள் வேறு என்ன கேட்பாள்? ஓரகத்திக்குக் குழந்தை பிறந்தபோது முழங்கை வரை கை கழுவிவிட்டு வந்து தூக்கினாள். "தலை சுத்தளவு ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். கண்ணும் மூக்கும் லட்சணம் என்று ஒரு வார்த்தை வரவில்லையே என்று ஓரகத்திக்கு இன்னும் ஆதங்கம்.

அன்றைக்கு வார்டின் கதாநாயகன் கடுகு. அக்கா வைத்த பெயர். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதற்கு அவனே சாட்சி. பிறந்ததிலிருந்து தொண்டைக்குள் குழாய், குழாயின் மறுமுனையில் மூச்சு இயந்திரம். குழாய் குரல்வளை வழியாகப் போவதால் அழுதாலும் சத்தம் வராது. வாய் கோணும், முகம் சிவக்கும், அவ்வளவுதான். அவன் அம்மா கண்ணாடிப் பெட்டியின் அருகில் உட்கார்ந்து தினமும் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். "இவனுக்குக் குரல் இருக்குல்ல சிஸ்டர்?" என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டாள்.

குழாயை நாளைக்கு எடுக்கலாம் என்றிருந்தார் சின்ன டாக்டர். கடுகுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. அவன் அம்மா தாய்ப்பால் எடுக்கும் அறைக்குப் போன நேரம் பார்த்து, கையை ஒரு வீசு வீசிக் குழாயைத் தானே பிடுங்கிப் போட்டான்.

இயந்திரங்கள் எல்லாம் கத்தின. கடுகு மட்டும் கத்தவில்லை. மூச்சு வாங்குவதற்கே அவனுக்குத் தெம்பு போதவில்லை.

"மூக்குல பிராங்ஸ் வெச்சுப் பாப்போம்" என்றார் சின்ன டாக்டர். மூக்கில் பொருத்தும் இரண்டு மெல்லிய முனைகள். அவற்றின் வழியாகக் காற்று அழுத்தத்தோடு போகும். "இது நின்னுடுச்சுன்னா மறுபடி குழாய் வேண்டாம். நிக்கலைன்னா போட்டுத்தான் ஆகணும். தொப்பி எங்க?"

முனைகளைக் கட்டிப் பிடித்து வைக்க ஒரு தொப்பி வேண்டும். இருந்த அளவுகளைப் போட்டால் கடுகின் மூக்கையும் சேர்த்து மூடின. ஆகச் சின்ன அளவு அலமாரியில் இல்லை. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்.

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு!" என்றாள் அக்கா பெருமையாக. அடுத்த நொடி பெருமை வடிந்தது. "எங்க வெச்சேன்?"

சின்ன டாக்டர் முனைகளை விரலால் பிடித்துக்கொண்டு நின்றார். "அக்கா, நான் எவ்வளவு நேரம் இப்படியே நிக்கிறது?"

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கையுறைப் பெட்டிக்குள் தேடினாள். எல்லோரும் தொலைந்தே போனது என்று கைகழுவிவிட்ட ஆக்சிஜன் அளவு பார்க்கும் வயர் வந்தது. மஞ்சள்காமாலைக்கு நீல விளக்கின் கீழ் படுக்கவைக்கும் குழந்தைகளின் கண்மறைப்பு டப்பாவில் கை விட்டாள். நல்ல தெர்மாமீட்டர்! தண்ணீர் பாட்டில்களுக்குப் பின்னால் தலைமை நர்ஸின் பேனா.

"அடிப்பாவி, என் பேனா!" என்றார் தலைமை நர்ஸ்.

தொப்பி மட்டும் இல்லை. "நானே வெச்சு நானே கொன்னுடுவேன் போலிருக்கே" என்று அக்காவுக்கு அழுகை முட்டியது. அப்போது அடுத்த பெட்டியில் புது நர்ஸ் ஒரு குழந்தையின் டயப்பரைப் பிரித்தாள்.

"பொம்மை!" என்று கத்திவிட்டு ஓடினாள் அக்கா.

குளிப்பாட்டவும் துணி மாற்றவும் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு ரப்பர் பொம்மை உண்டு. எவனும் தேடமாட்டான் என்று உறை பிரிக்காத தொப்பியை அதன் டயப்பருக்குள் செருகியவள் அவள்தான். பொம்மை இப்போது மாடியில் இருந்தது. அங்கே தாய்மார் வகுப்பின் திறப்பு விழா.

கூடத்தில் சிறப்பு விருந்தினர் கோட்டு சூட்டோடு, நிஜக் குழந்தை என்றே நினைத்தவர்போல் பொம்மையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு புகைப்படத்துக்கு நின்றார். பெரிய டாக்டர் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் சார்!" அக்கா நேராகப் போய் அவர் கையிலேயே பொம்மையின் டயப்பரைப் பர்ரென்று பிரித்தாள்.

"என்னம்மா பண்றீங்க?" விருந்தினர் ஆடிப்போனார்.

"இவன் ஒண்ணை மறைச்சு வெச்சிருக்கான் சார்!"

உறை அப்படியே இருந்தது. புகைப்படக்காரர் பழக்கதோஷத்தில் பொத்தானை அழுத்திவிட்டார். தாய்மார்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறந்த மேனிப் பொம்மையோடு நின்ற விருந்தினரைத் திரும்பிப் பார்க்க அக்காவுக்கு நேரமில்லை. படிக்கட்டில் அவள் இறங்கவில்லை, உருண்டாள் என்றுதான் சொல்லவேண்டும்.

கை கழுவி, உறை பிரித்து, தொப்பி மாட்டினாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. முனைகளைக் கட்டியதும் சின்ன டாக்டர் விரலை எடுத்து உதறினார். திரையில் எண்கள் ஒவ்வொன்றாக ஏறின. மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குழிவது குறைந்தது. கன்னத்தில் பழைய குழாயைப் பிடித்திருந்த பிளாஸ்திரித் துண்டு மட்டும் மிச்சம். அக்கா அதை எண்ணெய் தொட்டு மெல்ல மெல்ல உரித்தாள்.

கடுகுக்குக் கோபம் வந்துவிட்டது.

கரகரவென்று, பூனைக்குட்டியை யாரோ மிதித்ததுபோல் ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. இந்த முறை நீளமாக.

கதவோரம் கைகழுவும் தொட்டியில் அவன் அம்மா முழங்கை வரை நுரையோடு நின்றுகொண்டிருந்தாள். "எந்தக் குழந்தை சிஸ்டர் அழுவுது?"

"உங்க ஆளுதான்."

அவள் அசையவில்லை. கழுவிய கைகளால் முகத்தைத் தொடக்கூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்தபடி, கண்ணீரை அதன்போக்கில் விட்டுவிட்டு நின்றாள். அக்கா தன் பைக்குள் எங்கோ ஒளித்து வைத்திருந்த பஞ்சுத்துணியை ஒரே முயற்சியில் கண்டுபிடித்து அவள் கன்னங்களைத் துடைத்தாள்.

"அழுறான்ல சிஸ்டர்? நிஜமாவே அழுறான்ல?"

"அழுறானா? ஊரையே கூட்டுறான். போங்க, போய் என்னன்னு கேளுங்க."