சலைன் பாட்டிலில் நின்ற ஊசி

பேதிக்காகக் கள்ளக்குறிச்சியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்த என் மகள் மூன்றாம் நாள் தேறிவிட்டாள். நான்காம் நாள் காலை, கையில் குத்தியிருந்த ஊசிக்குழாயில் மருந்து ஏற்றிய அரை மணி நேரத்தில் அவளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. முதலில் குளிர், பிறகு கடும் காய்ச்சல். "ரத்தத்துல கிருமி கலந்திருக்கு" என்றார் டாக்டர்.

பக்கத்துக் கட்டிலில், சளிக்காக மலைமேல் கரியாலூரிலிருந்து வந்த ஒரு வயதுக் குழந்தைக்கும் முந்தைய நாள் இரவு இதேதான் நடந்தது. நர்ஸ் குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மா புள்ள கையில பச்சிலை தடவுது சார். அதுலருந்துதான் பரவுது." அதை அப்படியே டாக்டரிடம் சொன்னேன். பிறகு அந்தத் தாயையே கவனித்துக்கொண்டிருந்தேன்.

மதியம் அவள் பொறுமை இழந்தாள். "இன்னா சார், என்னையே மொறைச்சுக்கினு இருக்கீங்க?"

"புள்ள கையில பச்சிலை தடவுனியாம்மா?"

"மார்ல தடவுனேன், வூட்ல. கைய தொடல." குழந்தையின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். நெஞ்சில் மங்கிய பச்சைக் கறை. கையில் பிளாஸ்திரி மட்டும். "நீங்க என்னிய பாக்குறீங்க. நான் அந்த பாட்டில பாத்துக்கினு இருக்கேன். நேத்து காலையில தொறந்தது. எங்க மலையில தேன் பாட்டிலகூட இப்படித் தொறந்து போட மாட்டோம்."

மேசையில் சலைன் பாட்டில். அதன் ரப்பர் மூடியில் ஓர் ஊசி குத்தியபடியே நின்றது. மருந்து ஏற்றியதும், குழாய் அடைக்காமலிருக்க எல்லாக் குழந்தைகளுக்கும் அதிலிருந்தே உறிஞ்சி ஏற்றினார்கள். நர்ஸிடம் கேட்டேன். "எப்பவும் அப்படித்தான் சார்." மறுநாள் காலை பாட்டிலைக் காணவில்லை. மறுபடி கேட்டேன். "எந்த பாட்டில்?" என்றார்.

மருந்தை மாற்றியதும் என் மகளுக்குக் காய்ச்சல் இறங்கியது. அந்தக் குழந்தைக்கு இறங்கவில்லை, சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் ஏறும் முன் தாய், அங்கே காட்ட டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை என்னிடம் நீட்டினாள்.

"இன்னா எழுதியிருக்குன்னு படிங்க சார்."

'ஊசி போட்ட இடத்தில் தாய் நாட்டு மருந்து தடவியதால் தொற்று' என்று ஆங்கிலத்தில் இருந்தது. நான் டாக்டரிடம் சொன்னதுதான். தமிழில் படித்துக் காட்டி, அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

"பாட்டில பத்தி?"

"ஒன்னும் இல்லம்மா."

"அப்ப அங்கயும் என்னியதான் புடிச்சுக்குவாங்க. புள்ளைய எப்ப பாப்பாங்க?"

சீட்டின் பின்புறம் பாட்டிலைப் பற்றியும், என் மகளுக்கு எந்த மருந்தில் காய்ச்சல் இறங்கியது என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

"முன்னாடி இருக்குறத அடிச்சு வுடுங்க சார்."

அதன் கீழே டாக்டரின் கையெழுத்து இருந்தது. பேனாவை மூடினேன்.