மூன்றாம் படியில் டிராம்

மயிலாப்பூர் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் குடியிருந்த சுப்பராமன், பழைய செய்தித்தாள்களைச் சரித்திரத்தின் ஜன்னல் என்று சொல்லுவார். இந்த ஜன்னல்கள் கட்டுக்கட்டாக ஹாலின் கூரையைத் தொட்டு, ஹாலுக்கென்று இருந்த இரண்டு நிஜ ஜன்னல்களையும் அடைத்துக்கொண்டிருந்தன. பகல் பன்னிரண்டு மணிக்கும் டியூப் லைட் போட்டுக்கொண்டுதான் அவர் சரித்திரத்தை எட்டிப் பார்த்தார்.

இன்ஷூரன்ஸ் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் சபாவுக்குப் போவார்கள், பிள்ளை வீட்டுக்கு அமெரிக்கா போவார்கள். சுப்பராமன் ராயப்பேட்டையில் அன்வர் பாஷாவின் பழைய பேப்பர் கடைக்குப் போனார்.

"இன்னா சார் நீ! ஊர்ல அல்லாரும் இங்க பேப்பர எடைக்குப் போட்டுட்டுப் போறான். நீ ஒர்த்தன்தான் வாங்கிக்கினு போறே" என்பார் அன்வர் பாஷா. "வூட்ல அம்மா ஒண்ணும் சொல்றதில்லியா?"

"சொல்றா."

"அப்பால?"

"அந்த அடிக்கட்டை இழு. ஓரம் பழுப்பா இருக்கே, அது."

வீட்டில் அம்மா, அதாவது ஜானு, சொல்லத்தான் செய்தார். ஆனால் காகிதச் சுவருக்கு நடுவே பேசினால் குரல் எடுபடுவதில்லை. அவருடைய குறை வேறு எதுவுமில்லை, கொலுதான். பிறந்த வீட்டிலிருந்து வந்த பொம்மைகள் பல வருஷங்களாகப் பரணில் கிடந்தன. நவராத்திரிக்கு நவராத்திரி எல்லோர் வீட்டுக்கும் போய் வெற்றிலைப் பாக்கு வாங்கிக்கொண்டு, "உங்காத்துல கொலு இல்லையா?" என்ற கேள்விக்குச் சிரித்து மழுப்பிவிட்டு வருவார். தொண்ணூற்றைந்தாம் வருஷம் சிரிப்பு தீர்ந்துபோயிற்று.

"ஏன்னா, இந்தத் தடவை ஹால்ல ஒண்ணு என் கொலு இருக்கணும், இல்லே உங்க குப்பை இருக்கணும். குப்பைதான்னா சொல்லிடுங்கோ. பொம்மைப் பெட்டியோட நான் அடையாறுக்கு மஹதி ஆத்துக்குப் போயிடறேன்."

மஹதி அவர்களுடைய மகள். அவள் வீட்டு ஹாலில் சோபாவும் வெளிச்சமும் இருந்தன.

சுப்பராமன் இரண்டு நாள் யோசித்தார். பேப்பரை வெளியேற்றுவதைப் பற்றி அல்ல. "படி கட்ட என்ன வேணும்? பெஞ்சு, டிரங்குப் பெட்டி. அதைவிட என் கட்டு கெட்டி" என்றார். ஜானு தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் பஞ்சாங்கம் காத்திருக்காது.

சரித்திரம் முதன்முறையாக ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது. நாற்பதுகள் கீழே, அப்புறம் ஐம்பதுகள் என்று கட்டுகளை ஏறுவரிசையில் அடுக்கி, மேலே பலகை போட்டு, வெள்ளை வேட்டி விரித்தார். ஏழு படி. ஒரு ஜன்னல்கூடத் திறந்தது. ஜானு ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்.

"விஜயதசமி ராத்திரி மரப்பாச்சியைப் படுக்க வெக்கற வரைக்கும் ஒரு தாளைத் தொடப்படாது. நடுவுல கொலுவைக் கலைச்சா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"எனக்கென்ன பைத்தியமா?" என்றார் சுப்பராமன். அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் யாரும் அவசரப்பட்டுப் பதில் சொல்வதில்லை.

கொலு அமோகமாக அமைந்தது. மூன்றாம் படியில் தசாவதாரம், காஞ்சிபுரத்துக் களிமண், மீசை வரை பழைய வர்ணம். அடுத்த தெரு சூடாமணி மாமி இரண்டு தடவை வந்து பார்த்தார். ஜானு இத்தனை வருஷச் சிரிப்பையும் வட்டியோடு சிரித்தார்.

வெள்ளிக்கிழமை, கொலு பார்க்க வந்த தன் மனைவிக்குத் துணையாகப் பரத்வாஜ் வந்தார். காலேஜில் ரசாயனம் கற்பித்து ஓய்வு பெற்றவர். ரசாயனம் தவிர மற்றெல்லாவற்றிலும் அபிப்பிராயம் உண்டு. சுண்டலை மென்றபடி, மெட்ராஸில் டிராம் ஓடியது ஐம்பத்தொன்று வரைதான் என்றார்.

"ஐம்பத்துமூணு, ஏப்ரல்" என்றார் சுப்பராமன்.

"ஐம்பத்தொண்ணு, ஓய். நான் அப்போ காலேஜ் ஸ்டூடன்ட். நடந்தே போனேன்."

"நீர் காசை மிச்சம் பிடிக்க நடந்திருப்பீர். பேப்பர் இருக்கு என்கிட்ட."

"எங்கே, காட்டும் பார்ப்போம்!"

சுப்பராமன் மூன்றாம் படியைப் பார்த்தார். ஜானு சுப்பராமனைப் பார்த்தார். பேப்பர் வராகமூர்த்திக்கு நேர் கீழே, மேல்கட்டில் இருந்தது.

"இப்போ முடியாது."

"எப்பவுமே முடியாதுன்னுதான் நினைக்கறேன்" என்று பரத்வாஜ் எழுந்தார். மறுநாளே, சுப்பராமன் வீட்டில் இருப்பது சரித்திரமல்ல, வெறும் கரையான் தீனி என்று காய்கறிக் கடை வரைக்கும் செய்தி போயிற்று.

சுப்பராமனுக்குச் சோறு இறங்கவில்லை. மனிதர் சம்பள உயர்வு கிடைக்காதபோதுகூட இப்படி வாடியதில்லை. சரஸ்வதி பூஜையன்று மத்தியானம், ஜானு சூடாமணி மாமி வீட்டுக்குப் போன நேரத்தில், பத்து அவதாரங்களையும் பாயில் இறக்கினார். பலகையைத் தூக்கிக் கட்டைப் பிரித்து, தாளை உருவிக்கொண்டு, எல்லாவற்றையும் பழையபடி வைத்தார். ஒரு பொம்மைக்கும் கீறல் இல்லை. தன் கைத்திறமையை மெச்சிக் காப்பிகூடப் போட்டுக் குடித்தார்.

சாயங்காலம் ஹாலில் கூட்டம். பரத்வாஜ் தம்பதியும் வந்திருந்தனர். சுப்பராமனால் பொறுக்க முடியவில்லை. தாளை விரித்து நீட்டினார்.

"படியும். தேதியைப் படியும் முதல்ல!"

பரத்வாஜ் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "இன்னிக்கு சரஸ்வதி பூஜை. எழுத்தைப் பார்க்கப்படாது."

"அநியாயம்! ஒரு வரி, ஓய்!"

"ஒரு எழுத்துகூட மாட்டேன். புஸ்தகமெல்லாம் பூஜையில இருக்கு. நீர் எப்படிப் படிச்சீர்?"

அப்போதுதான் சூடாமணி மாமி மெல்ல, "ஏண்டி ஜானு, கல்கி எதுக்கு மச்சத்துக்கு முன்னாடி குதிரையில நிக்கறார்?" என்றார்.

எல்லோரும் பார்த்தார்கள். டிராம் நின்ற மாதம் தெரிந்த மனிதர், இன்னும் வராத அவதாரத்தை வரிசையில் முதலில் நிறுத்தியிருந்தார். நரசிம்மர் வேறு பலராமருக்கு அப்பால் போய்விட்டார். ஜானுவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. ஒருவர் விடாமல் குங்குமம், வெற்றிலைப் பாக்கு, சுண்டல் கொடுத்து வாசல்வரை வழியனுப்பினார். பிறகு கதவைச் சாத்தினார்.

"நான் அடையாறு போறேன்னு சொன்னேன் இல்லையா? போக முடியாது. கொலுவை வெச்சுட்டு விளக்கேத்தாம எங்கே போறது? இன்னும் வரவா வருவா. அதனால நீங்க போங்கோ."

"நானா?"

"மஹதிக்குப் போன் பண்ணியாச்சு. விஜயதசமி கழிஞ்சு வாங்கோ. அதுக்கு முன்னாடி அந்தத் தாளை எடுத்த இடத்துல வையுங்கோ."

சுப்பராமன் வைத்தார். பிறகு ஜானு ஒவ்வொரு அவதாரமாகப் பேர் சொல்லச் சொல்ல, எடுத்துக் கொடுத்தார். வாமனரைக் கேட்டபோது பரசுராமரை நீட்டி மறுபடியும் திட்டு வாங்கினார். ஒரு பையில் நாலு வேட்டியோடு, ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல், ஆட்டோ ஏறினார்.

மறுநாள் காலை விஜயதசமி. படிக்கத் தடையில்லாத நாள். குளித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பரத்வாஜ் வாசலில் நின்றார்.

"நேத்து சார் ஏதோ பேப்பர் காட்டினாரே. இப்போ பார்க்கலாம்."

"அவர் ஊர்ல இல்லை" என்றார் ஜானு. அடையாறும் இதே ஊர்தான் என்பது பரத்வாஜுக்குத் தெரிய வேண்டியதில்லை. "பேப்பர் படிக்குள்ள இருக்கு. எடுக்கறதுக்கில்லை. ஐம்பத்துமூணுதான், நான் பார்த்தேன். சுண்டல் எடுத்துக்கோங்கோ."

பரத்வாஜ் சுண்டலை எடுத்துக்கொண்டார். "அதைத்தானே மாமி நானும் வெள்ளிக்கிழமை சொன்னேன்" என்றார்.