ரவுண்ட் ராக்கில் நம்மவர்கள் யாரும் இல்லையாம்

2001 ஏப்ரலில் நான் ரவுண்ட் ராக் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, வீட்டில் நடந்த சண்டையால். அப்போது ஜெர்சி சிட்டியில் இருந்தோம். என் கணவர் சுரேஷுக்கு வங்கி காண்ட்ராக்ட் முடிந்து, டெக்சாஸில் ஆஸ்டினை ஒட்டிய ரவுண்ட் ராக்கில் வேலை கிடைத்திருந்தது. என் கம்பெனியும் எனக்கு ஆஸ்டினில் இடம் தருவதாகச் சொன்னது. சிக்கல் ஒன்றுதான். ஒன்றரை வயது மகள் நிலாவை ஜெர்சி சிட்டியில் எதிர் ஃப்ளாட் பத்மா ஆன்ட்டி பார்த்துக்கொண்டார். அங்கே யார் பார்ப்பது?

சுரேஷ் ஒரு காகிதத்தை எடுத்துப் போட்டார். ரவுண்ட் ராக்கின் மக்கள்தொகை விவரம், வீடு விற்கும் ஏஜென்ட் அனுப்பியது. வட்டப் படத்தில் வெள்ளையர்களுக்குப் பெரிய துண்டு, அடுத்து ஹிஸ்பானிக், அப்புறம் கறுப்பர்கள். ஆசியர்கள் பென்சில் கோடு அளவுக்குத்தான் இருந்தார்கள்.

"பாத்தியா? நம்ம ஆளுங்க யாருமே இல்ல. டேகேர்ல விட்டா இவ சாப்பிடவே மாட்டா. நீ ரிசைன் பண்ணிட்டு ரெண்டு வருஷம் எச்-4ல இரு."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எச்-4 என்பது கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு இருப்பது. படிக்கலாம், சமைக்கலாம், சம்பளத்துக்கு வேலை மட்டும் செய்யக் கூடாது. நான் முட்டி மோதி வாங்கிய வேலையை ஒரு வட்டப் படத்துக்காக விடுவதா? பற்றிக்கொண்டு வந்தது.

"நானே போய்ப் பாத்துட்டு வரேன். அதுவரைக்கும் இந்தப் பேச்சு வேண்டாம்" என்று சொல்லி, குழந்தையை அவரிடமே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனில் மாறி ஆஸ்டின் போய்ச் சேர ஆறு மணி நேரம். டிக்கெட் 240 டாலர், வாடகைக் கார் நாளுக்கு 38. விமான நிலையத்திலிருந்து ரவுண்ட் ராக் 25 மைல் சொச்சம்தான், ஆனால் மாலையில் ஃப்ரீவே நகராது. எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது, நீங்கள் மதியத்துக்குள் போய்விடுங்கள். ஊருக்குப் பெயர் தந்த உருண்டைப் பாறை ஓடை நடுவில் இருக்கிறது. நம் ஊர் ஆற்றில் துணி துவைக்கும் கல்லைவிடக் கொஞ்சம் பெரிசு, ஐந்து நிமிடம் போதும்.

மறுநாள் காலை நூலகத்துக்குப் போய் அந்தக் காகிதத்தைக் காட்டினேன். அங்கிருந்த பெண்மணி சிரித்துவிட்டார். அது பழைய சென்சஸ் கணக்காம், புதியது இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கிறதாம், நடுவில் ஊரே மாறிவிட்டதாம். அவர் சொன்னது வாசலில் இறங்கினாலே தெரிந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பாதி கட்டிய வீடுகள்.

மோட்டலுக்குத் திரும்பி டெலிபோன் டைரக்டரியை விரித்தேன். அந்தக் காலத்தில் புது ஊருக்குப் போன தமிழர்கள் பலரும் செய்ததுதான். சாமி, நாதன், ராஜன் என்று முடியும் பெயர்களைத் தேடிப் பிடித்து, முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிடுவோம்.

முதல் மூன்று பேர் "நாட் இன்டரஸ்டட்" என்று வைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்போதெல்லாம் அறிமுகமில்லாத இந்தியர் யாராவது தேனொழுகப் பேசினால், கொஞ்ச நேரத்தில் சோப்பும் "பிசினஸ் ஆப்பர்ச்சுனிட்டி"யும் வெளியே வரும். நாம் சேர வேண்டும், நமக்குக் கீழே நாலு பேரைச் சேர்க்க வேண்டும். நானே ஜெர்சியில் மளிகைக் கடை அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறேன். இப்போது நான்தான் அந்த ஆள்.

நான்காவது எண்ணில் ஒரு பெண் எடுத்தார். நான் தமிழில் வணக்கம் சொன்னதுமே கேட்டார்: "ஏனுங்க, சோப்பு பிசினஸுங்களா? எங்களுக்கு வேண்டாமுங்க."

"நான் எதையும் விக்க வரலீங்க! என் பொண்ணப் பாத்துக்க ஆள் கிடைக்கலைன்னா என் வேலை போயிடும். அதுக்குத்தான் கூப்பிடறேன்!" கத்தியேவிட்டேன்.

அந்தப் பெண், "சாப்டீங்களா?" என்றார்.

அவர் பெயர் அமுதா, கோபிசெட்டிபாளையத்துக்காரர். வழி சொல்லி வீட்டுக்கே வரவழைத்து அரிசிம்பருப்பு சாதம் போட்டார். எம்.எஸ்சி. கணக்கு படித்துக் கல்லூரியில் பாடம் நடத்தியவர், இங்கே எச்-4. நிலாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று நேரடியாகவே கேட்டேன்.

"ஆசைதானுங்க. ஆனா எனக்கு வொர்க் பர்மிட் இல்லீங்களே. காசு வாங்குனா தப்புங்க. காசு வாங்காம தெனமும் பாக்கறதுக்கு எனக்கு மனசு வராதுங்க."

ஒளிவுமறைவில்லாத பதில். எனக்கு அவர்மேல் கோபமில்லை, அந்த விசாமேல்தான். சுரேஷ் சொன்னதைக் கேட்டிருந்தால் ரெண்டே மாதத்தில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பேன். அது பயமாக இருந்தது.

"உங்களுக்குத் தமிழ் பேசற ஆள் வேணுமுங்களா, புள்ளைக்குச் சோறு ஊட்டற ஆள் வேணுமுங்களா?" என்று கேட்டார் அமுதா.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தெரு தள்ளி டெல்ஃபினா என்பவர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அமுதா கம்யூனிட்டி காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கப் போகும் நேரத்தில் அவர் மகள் இருப்பது அங்கேதான். டெல்ஃபினா மெக்சிகோ வம்சாவளி. அவர் தாத்தா காலத்திலிருந்தே இதே ஊர். வீட்டிலேயே டேகேர், மாநில லைசென்ஸ் சுவரில் மாட்டியிருந்தது.

குழந்தை என்ன சாப்பிடும் என்று கேட்டார். சோறு, அதுவும் குழைய வேண்டும் என்றேன். பானையைத் திறந்து காட்டினார். சோறும் காராமணி மாதிரி ஒரு பயறும். அமுதாவின் மகள் கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், யாரும் ஸ்பூனைத் திணிக்கவில்லை. வாரம் 110 டாலர். அங்கேயே ஜூன் மாதத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தேன்.

அன்று மாலை சுரேஷைக் கூப்பிட்டு, நிலாவைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்துவிட்டது என்றேன்.

"அவங்க தமிழா?"

"இல்ல. சோறு ஊட்டறவங்க. அட்வான்ஸ் கட்டியாச்சு. ஜூன்ல நான் அங்க வேலைக்குச் சேரப் போறேன். ரெண்டு பேர்ல ஒருத்தர் விட்டே ஆகணும்னா, நீங்க விடுங்க."

பின்னால் நிலா வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். "டயப்பர் எங்க வெச்சிருக்க?" என்று மட்டும் கேட்டார்.

குடிபோக நினைப்பவர்களுக்கு: நகர விவரக் காகிதம் கொடுத்தால் எந்த வருஷத்துக் கணக்கு என்று பாருங்கள். மோட்டல் அறையில் டைரக்டரி இன்னும் இருந்தால் புரட்டுங்கள். கூப்பிட்டவுடன் எதையும் விற்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். டேகேரை வார நாளில், சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே யாரும் இல்லை என்று சொல்பவர் அந்த ஊருக்குப் போயிருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். சுரேஷ் போனதே இல்லை, அவருக்கு வேலையே டெலிபோன் இண்டர்வியூவில் கிடைத்தது. நான் போனேன். இன்றுவரை ஒரு நாள்கூட நான் எச்-4 ஆக இருந்ததில்லை.